எண் அட்டையைக் கழுவாதீர்கள்

டயலின் நடுவே ஒரு வட்டம். மங்கிப்போன செல்லுலாய்டு மூடி, அதற்குக் கீழே பழுப்பேறிய காகிதம், அதில் மையால் எழுதிய எண்: 247. பழைய டயல் போனை வாங்குகிற பலர் முதலில் தூக்கி எறிவது இந்தக் காகிதத்தைத்தான். அழுக்காக இருக்கிறது, போனின் அழகைக் கெடுக்கிறது என்று நினைக்கிறார்கள். உண்மையில் அந்தக் கருவியில் வேறெங்கும் கிடைக்காத ஒரே பாகம் அதுதான். டயலும் ரிசீவரும் மணியும் தேடினால் இன்னொன்று கிடைக்கும். 247 கிடைக்காது.

ஏனென்றால் அந்த எண் வெறும் பெயர்ச்சீட்டு அல்ல, இயந்திர முகவரி. அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் பிணச்சடங்குத் தொழில் நடத்திய ஆல்மன் ஸ்ட்ரோஜர் 1891-ல் காப்புரிமை பெற்ற தானியங்கி ஸ்விட்ச், 1892-ல் இண்டியானா மாநிலத்தின் லா போர்ட் என்ற சிற்றூரில் முதன்முதலாகப் பொது இணைப்பகமாக (எக்ஸ்சேஞ்ச்) ஓடியது. பின்னாளில் உலகெங்கும் பரவிய ஸ்ட்ரோஜர் ஸ்விட்சில் ஒரு தண்டு மேலே ஏறும், பிறகு பக்கவாட்டில் திரும்பும். ஏறப் பத்துப் படிகள், திரும்பப் பத்து இடங்கள், மொத்தம் நூறு. மூன்றிலக்க ஊரில் 247 என்று சுற்றினால், 2 முதல் ஸ்விட்சை இரண்டாம் படிக்கு ஏற்றும். அங்கே அது காலியாக உள்ள அடுத்த ஸ்விட்சைத் தானே தேடிப் பிடிக்கும். 4 அந்த இரண்டாவது தண்டை நான்கு படி ஏற்றும், 7 ஏழு இடம் திருப்பும். அங்கே இருக்கும் ஒரு ஜோடிக் கம்பியின் மறுமுனைதான் இந்தப் போன். அதாவது கையில் இருப்பது பாதிக் கருவி. மறுபாதி ஏதோ ஓர் ஊரின் இணைப்பகக் கட்டடத்தில் இரும்புச் சட்டங்களில் நின்றது. பெரும்பாலும் அது பழைய இரும்பாகப் போய்விட்டது. மிஞ்சிய பாதியைச் சரிசெய்யும்போது மற்ற பாதியைப் பற்றிய சாட்சியத்தை அழித்துவிடக் கூடாது. இந்தத் துறையில் எங்களுக்கு இருக்கும் ஒரே பிடிவாதம் இது.

திருப்புளியை எடுக்கும் முன்

முதல் வேலை படம் எடுப்பது. நேராக ஒன்று, சாய்வான ஒளியில் ஒன்று, அடித்தட்டுக்கு ஒன்று. சாய்வொளி ஏன் என்றால், மை போய்விட்ட அட்டையிலும் பேனா அழுத்திய தடம் பல நேரம் மிஞ்சியிருக்கும். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் அது நிழலாக எழுந்து வரும். அட்டையில் தண்ணீர், ஆல்கஹால், அழிப்பான் எதுவும் படக் கூடாது. எழுத்து பெரும்பாலும் கரையும் மைதான்.

அடுத்து, எண்ணைப் படியுங்கள். இரண்டிலக்கமோ மூன்றிலக்கமோ இருந்தால் சிறிய இணைப்பகம். இலக்கங்கள் கூடக் கூட ஊர் பெரிது, அல்லது காலம் பிந்தியது. 1-இல் தொடங்கும் சந்தாதாரர் எண்களைப் பல நாடுகளில் பார்க்கவே முடியாது. 1 சிறப்புச் சேவைகளுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும், 0 ஆபரேட்டருக்கோ வெளியூர் அழைப்புக்கோ போய்விடும். ஊர்ப் பெயரும் எண்ணும் தெரிந்துவிட்டால், பழைய தொலைபேசி டைரக்டரிகளை வைத்திருக்கும் நூலகத்தில் ஆண்டு ஆண்டாகப் பின்னோக்கிப் போகலாம். ஒரே எண் ஒரு டைரக்டரியில் அரிசி மண்டியாகவும் அடுத்ததில் மருத்துவராகவும் இருக்கலாம். எண் இணைப்பகத்துக்குச் சொந்தம், ஆளுக்கு அல்ல. அதனால் ஒரே ஒரு டைரக்டரியை வைத்து "இது இன்னார் வீட்டுப் போன்" என்று எழுதிவிடாதீர்கள். இரண்டு ஆண்டுகளாவது ஒத்துப்போக வேண்டும், போன் கைமாறி வந்த வழியும் பொருந்த வேண்டும்.

எண் அட்டை இல்லாத போனும் பேசும். டயல் முகத்தைப் பாருங்கள். எழுத்துகளும் எண்களும் சேர்ந்திருந்தால், இணைப்பகப் பெயரின் முதல் எழுத்துகளைச் சுற்றிய நகரம் ஒன்றின் முறை அது. லண்டனில் 1927-ல் ஹோல்பார்ன் இணைப்பகத்தோடு இது தொடங்கியது. ஸ்காட்லாந்து யார்டின் எண் 'ஒயிட்ஹால் 1212' என்பது இந்த முறையில் வந்ததுதான். ஒயிட்ஹாலின் முதல் மூன்று எழுத்துகளைச் சுற்றிவிட்டு எண்ணைச் சுற்ற வேண்டும். அதே காலத்துச் சிறிய பிரிட்டிஷ் ஊர்களின் டயலில் எண்கள் மட்டும்தான். ஆனால் 1958-க்குப் பிறகு வெளியூர்க் குறியீடுகளிலும் எழுத்துகள் வந்ததால் எழுத்து டயல் சின்ன ஊர்களுக்கும் போனது. டயலை மட்டும் வைத்து ஊரை முடிவு செய்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். பிரெஞ்சு டயலில் 'ஓ', 'க்யூ' எழுத்துகள் சுழியத்தோடு நிற்கும். ஸ்வீடன் டயலில் சுழியம் 1-க்கு முன்னால் வரும், அதற்கு ஒரே துடிப்பு (டயல் திரும்பி வரும்போது இணைப்பை ஒரு முறை வெட்டி ஒட்டுவதுதான் ஒரு துடிப்பு). நியூசிலாந்தில் எண்களே தலைகீழ்: அங்கே 1 சுற்றினால் ஒன்பது துடிப்பு, 9 சுற்றினால் ஒன்று. 1958-ல் அங்கே தொடங்கிய அவசர எண் 111, துடிப்புக் கணக்கில் பிரிட்டனின் 999-ஏதான். ஸ்வீடன், நியூசிலாந்து டயல்களை வேறு நாட்டு இணைப்பில் மாட்டினால் கருவி கச்சிதமாக வேலை செய்யும், அழைப்பு தப்பான வீட்டுக்குப் போகும்.

டயலே இல்லாமல் அந்த இடத்தில் வெறும் மூடித்தகடு இருந்தால், ஆபரேட்டர் கையால் இணைத்த ஊர். பக்கத்தில் கைப்பிடியும் இருந்தால் அது இன்னும் பழைய மேக்னட்டோ முறை, கைப்பிடியைச் சுற்றி ஆபரேட்டரை அழைப்பது. பேசுவதற்கு மின்சாரம் இணைப்பகத்திலிருந்து வராமல் வீட்டிலேயே இருந்த உலர் மின்கலங்களிலிருந்து வந்தது. பின்னாளில் ஊர் தானியங்கியானபோது மூடித்தகட்டைக் கழற்றி டயலைப் பொருத்தியிருப்பார்கள். டயலின் தேதியும் உடலின் தேதியும் பல ஆண்டுகள் விலகி நின்றால் அந்த மாற்றம் எப்போது நடந்தது என்பதற்கு அது ஒரு தடயம். தேதிகள் எங்கே? அமெரிக்க வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கின் 500 மாடலில் அடித்தட்டு, மணி, டயல், ரிசீவர் என்று பாகம் பாகமாக மாதமும் ஆண்டும் குத்தியிருக்கும். எல்லாம் ஒரே காலாண்டில் விழுந்தால் போன் தொழிற்சாலையை விட்டு வந்தபடியே இருக்கிறது. ஒன்று மட்டும் விலகினால் யாரோ பழுது பார்த்திருக்கிறார்கள். கலவையாக இருப்பது குறை அல்ல. வாடகைக்கு விடப்பட்ட கருவிகள் திரும்பி வரும், பழுது பார்க்கப்படும், வேறு வீட்டுக்குப் போகும். கலவைதான் அவற்றின் இயல்பான வாழ்க்கை. "தேதி பொருந்தவேண்டும்" என்பதற்காகப் பாகங்களை மாற்றிப் பொருத்தும் சேகரிப்பாளர்கள் தங்களை அறியாமலே ஒரு பொய் ஆவணத்தைத் தயாரிக்கிறார்கள்.

இந்தியக் கருவிகளில் முத்திரை உதவும். பெங்களூரில் 1948-ல் தொடங்கப்பட்ட ஐ.டி.ஐ. (இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்) நிறுவனத்தின் பெயரும், 'பி அண்ட் டி' (அஞ்சல்–தந்தி) என்ற துறைக் குறியும் அடிக்கடி கண்ணில்படும். அஞ்சலும் தொலைத்தொடர்பும் 1985-ல் தனித்தனித் துறைகளாகப் பிரிந்தன. எனவே 'பி அண்ட் டி' முத்திரை பெரும்பாலும் அந்த ஆண்டுக்கு முந்தைய உற்பத்தியைக் காட்டும். அந்த ஐ.டி.ஐ. குடியிருப்பின் பெயரே தூரவாணிநகர்; கன்னடத்தில் தூரவாணி என்றால் தொலைபேசி.

துளைகளின் தேய்மானத்தையும் பாருங்கள். எந்த எண்ணின் ஓரத்தில் வண்ணம் போயிருக்கிறது, எந்த எண் புதிதுபோல் இருக்கிறது என்பது அந்த ஊரின் எண்ணமைப்பைச் சொல்லும். 1-ஆம் துளையின் ஓரத்தில் கீறல் வளையம் இருந்தால் டயல் பூட்டு மாட்டியிருந்தார்கள். பூட்டு போட்ட முதலாளிக்குத் தெரியாத ஒன்று உண்டு: டயல் செய்வது இணைப்பை வெட்டி வெட்டி ஒட்டுவதுதான். ரிசீவர் தாங்கியின் பொத்தானை அதே வேகத்தில் தட்டினாலும் எண் போகும். பொறுமையும் விரல் பழக்கமும் இருந்தவர்கள் பூட்டைத் தொடாமலே பேசினார்கள்.

ஒரு மல்டிமீட்டர், மூன்று சோதனை

இப்போது திறக்கலாம். இணைப்பில் மாட்டிப் பார்ப்பது இதற்கெல்லாம் பிறகு. உயிருள்ள இணைப்பில் சும்மா இருக்கும்போது ஏறத்தாழ 48 வோல்ட் நேர்மின்னோட்டம்; மணி அடிக்கும்போது அதன்மேல் 75 முதல் 90 வோல்ட் மாறுமின்னோட்டம் ஏறும். கை வைத்த நேரத்தில் யாராவது அழைத்தால் நன்றாகவே உதறும்.

உள்ளே எந்த வயர் எந்த முனையில் என்று வரைந்துகொள்ளுங்கள். வயர் நிறத்தை நம்பாதீர்கள். எழுபது ஆண்டுகளில் சிவப்பு பழுப்பாகும், வெள்ளை மஞ்சளாகும். முனை எண்ணை எழுதுங்கள்.

பிறகு மீட்டரை ஓம் நிலையில் வைத்து இணைப்பு வயரின் இரு முனைகளில் பிடியுங்கள். ரிசீவர் தாங்கியில் இருக்கும்போது முள் ஒரு துள்ளு துள்ளிவிட்டு முழுத் திறப்புக்கு (முடிவிலி ஓம்) போக வேண்டும். கெப்பாசிட்டர் மின்னேற்றம் பெறுவதுதான் அந்தத் துள்ளல். போகாமல் நின்றால் கெப்பாசிட்டர் கசிகிறது, அல்லது தாங்கியின் ஸ்பிரிங் தகடுகள் வளைந்து ஒட்டியிருக்கின்றன. ரிசீவரை எடுத்தால் சில நூறு ஓம்களுக்குள் ஓர் அளவு காட்ட வேண்டும். ரிசீவரைக் குலுக்கும்போது அந்த அளவு ஆடினால் நல்ல அறிகுறி, மைக்கின் கரித்துகள் அசைகிறது என்று பொருள். மூன்றாவது, டயலைச் சுற்றிப் பிடித்தால் ஓம் குறைய வேண்டும் (சுற்றும்போது பேச்சுப் பகுதியை டயல் குறுக்கே மூடிவிடும், காதில் டக்டக் சத்தம் விழாமலிருக்க). விட்டால், சுற்றிய எண்ணிக்கைக்குச் சரியாக அறுந்து அறுந்து வர வேண்டும். எண்களை மாற்றிக் காட்டும் டிஜிட்டல் மீட்டரைவிட முள் மீட்டர் இதற்கு நல்லது. இந்த மூன்றும் சரியென்றால் மின்சார வேலை பெரும்பாலும் முடிந்தது.

தாங்கி நிலையில் கசிவு இருந்தால் பேசாமல் கெப்பாசிட்டரை மாற்றுங்கள். பிரிட்டிஷ் வழிக் கருவிகளில் மணிக்குத் தொடராக இருக்கும் கெப்பாசிட்டர் 2 மைக்ரோஃபாரட் அல்லது அதையொட்டியது. 250 வோல்ட் தாங்கும் பாலியெஸ்டர் ஃபிலிம் வகை போதும். பழைய தகரப் பெட்டியைத் தூக்கி எறியாமல் அதே இடத்தில் விட்டு, அதன் வயரை மட்டும் பிரித்து, புதியதை அதன் பின்னால் ஒளித்து வையுங்கள். தகரப் பெட்டியை உடைத்துத் திறக்க வேண்டாம். பழைய காகிதக் கெப்பாசிட்டர்களின் எண்ணெய் கையில் படவேண்டிய பொருள் அல்ல.

ரிசீவர் வயரும் இணைப்பு வயரும் சாதாரணத் தாமிரக் கம்பி அல்ல. நூலின்மேல் மெல்லிய தாமிரப் பட்டையைச் சுற்றிய ஜரிகை மாதிரியான கடத்தி. ஆயிரம் முறை மடங்கினாலும் அறாது. இதை நேரடியாகப் பற்றவைக்க முயன்றால் நூல் கருகும், ஒட்டாது. முனையில் சிறு தகடு வைத்து நசுக்கித்தான் பொருத்த வேண்டும். துணிப் பின்னல் வயரில் பேச்சு வந்து வந்து போனால் மீட்டரை மாட்டிவிட்டு, வயரை ஓர் அங்குலம் ஓர் அங்குலமாக விரலால் வளைத்துப் பாருங்கள். அறுவது பெரும்பாலும் இரு முனைகளிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்தான். அதை வெட்டிவிட்டு முனையைப் புதிதாகக் கட்டினால் மூல வயரே பிழைக்கும், அரைச்சாண் குட்டையாக.

டயல்

நேரத்தில் பாதியை இங்கே செலவிடலாம். டயலின் வேலை விநாடிக்குப் பத்துத் துடிப்பு. 9-க்கும் 11-க்கும் நடுவில் இருந்தால் இணைப்பகம் ஏற்கும். துடிப்புக்குள் இணைப்பு அறுந்திருக்கும் நேரத்துக்கும் சேர்ந்திருக்கும் நேரத்துக்கும் விகிதம் உண்டு: பிரிட்டிஷ் வழியில் மூன்றில் இரண்டு பங்கு அறுந்து, ஒரு பங்கு சேர்ந்து, அமெரிக்க வழியில் ஏறத்தாழ 60-க்கு 40. விகிதம் டயலின் உள்வடிவத்திலேயே இருப்பதால் அதிகம் கெடாது. கெடுவது வேகம்.

வேகத்தைக் காதால் மதிப்பிட வேண்டாம். துடிப்புத் தொடர்பின் இரு முனைகளையும் 1.5 வோல்ட் பேட்டரி, 10,000 ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கணினியின் ஒலி உள்ளீட்டில் கொடுத்து 0 சுற்றிப் பதிவு செய்யுங்கள். அலைவடிவத்தில் பத்துப் பள்ளங்கள் தெரியும். முதல் பள்ளத்தின் தொடக்கத்துக்கும் பத்தாவதின் தொடக்கத்துக்கும் இடையே ஒன்பது இடைவெளிதான். எனவே சரியான டயலில் 0.9 விநாடி வரும். 1.0 விநாடி என்றால் விநாடிக்கு 9, 0.82 என்றால் 11. பத்து இடைவெளி என்று கணக்கிட்டு நல்ல டயலை வளைத்துக் கெடுத்தவர்கள் உண்டு.

டயல் மெதுவாக இருந்தால் காரணம் பெரும்பாலும் பிசினாகிப்போன பழைய எண்ணெய். வேகமாக இருந்தால் கவர்னரில் கோளாறு. கவர்னர் என்பது சிறு கிண்ணத்துக்குள் சுழலும் இரண்டு எடைகள். வேகம் கூடினால் எடைகள் வெளியே விரிந்து கிண்ணச் சுவரில் உரசும், வேகம் அடங்கும். உரசல்தான் அங்கே கட்டுப்பாடு என்பதால் கிண்ணத்தில் எண்ணெய் பட்டால் எல்லாம் போச்சு. டயல் விட்டதும் விர்ரென்று ஓடும். துருவை இளக்கும் ஸ்ப்ரேயை டயலுக்குள் அடிப்பவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். முதல் நாள் அருமையாகச் சுற்றும். பிறகு வேகம் தறிகெடும், ஆறு மாதத்தில் ஸ்ப்ரேயின் மிச்சம் தூசியோடு சேர்ந்து பசையாகும்.

சரியான முறை: டயலைக் கழற்றி வெளியே எடுங்கள். விரல்தட்டைக் கழற்றும் வழி மாடலுக்கு மாடல் மாறும்; சிலவற்றில் நடு வளையத்தை நெம்பினால் திருகு தெரியும், சிலவற்றில் தட்டின் சிறு துளையில் மெல்லிய கம்பியை அழுத்தித் திருப்ப வேண்டும். சிலவற்றில் தட்டு விடுபட்டதும் மெயின் ஸ்பிரிங் முழுதும் அவிழ்ந்துவிடும். கையால் பிடித்தபடி எத்தனை சுற்று அவிழ்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். முழு டயலையும் எந்தத் திரவத்திலும் முக்காதீர்கள், இன்சுலேட்டர் தகடுகள் ஊறும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் கவர்னர் கிண்ணத்தையும் எடைகளின் உரசும் முனைகளையும் துடையுங்கள். பல்சக்கரங்களின் பழைய கிரீஸைத் துடைத்து, மெல்லிய புதுக் கிரீஸைத் தூரிகை நுனியால் தடவுங்கள். புழுத்தண்டின் (கவர்னரைச் சுழற்றும் திருகுத் தண்டு) இரு முனைத் தாங்கிகளிலும் கடிகார எண்ணெயை ஊசி நுனியால் ஒரு சொட்டு, குண்டூசித் தலை அளவு. அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் வேகம் தப்பினால் மட்டும் கவர்னர் கைகளைத் தொடுங்கள். வெளியே வளைத்தால் முன்னதாகவே உரசும், மெதுவாகும். உள்ளே வளைத்தால் வேகமாகும். இரண்டையும் சமமாக, ஒரு நேரத்தில் மயிரிழை அளவே. தொடர்புமுனைகளுக்கு உப்புத்தாள் கூடவே கூடாது. நல்ல தடித்த வெள்ளைத்தாளைப் பட்டையாக வெட்டி, ஆல்கஹாலில் நனைத்து, முனைகளை மெதுவாக மூடி, பட்டையை இழுங்கள். கறுப்புக் கோடு வரும். கோடு வராமல் போகும்வரை மூன்று நான்கு முறை. கடைசியாக உலர்ந்த பட்டையால் ஒரு முறை. காகித இழை அங்கேயே மாட்டிக்கொண்டால் டயல் ஊமையாகிவிடும்.

மைக், காது, மணி

எதிர்முனைக்குக் கேட்கவில்லை, நமக்குக் கேட்கிறது என்றால் மைக். பழைய கரி மைக்கில் துகள்கள் ஈரத்தில் இறுகிக் கட்டியாகும். உறுப்பைக் கழற்றி உள்ளங்கையில் பல முறை தட்டித் திருப்புங்கள். ஓரிரு நாள் உலர்ந்த வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் அதே வடிவில் எலெக்ட்ரெட் மைக் உறுப்பு பொருத்தலாம். ஒலி தெளிவாகும், அந்தக் கரகரப்பு போய்விடும். பழைய உறுப்பைப் பையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். காதுப்பகுதியைத் திறந்தால் இரும்பு உதரவிதானத்தைக் காந்தத்திலிருந்து நேராக இழுத்துப் பிய்க்காமல் பக்கவாட்டில் நகர்த்தி எடுங்கள். ஒருமுறை வளைந்த தகடு பழைய நிலைக்கு வராது.

மணி அடிக்காத போனுக்குப் பல காரணங்கள் உண்டு, சுவாரசியமான காரணங்களும் இருக்கின்றன. முதலில் காயிலின் ஓமை அளந்து பாருங்கள். பிரிட்டிஷ் 300 வரிசையில் இரண்டு காயில்கள் சேர்ந்து 1,000 ஓம். முழுத் திறப்பு என்றால் மயிரளவுக் கம்பி பெரும்பாலும் முனையில் அறுந்திருக்கும். வெளிச் சுற்றில் இருந்தால் பற்றவைத்து மீட்கலாம். காயில் நன்றாக இருந்தால் கிண்ணங்களைப் பாருங்கள். அவற்றின் நடுத்துளை மையத்தில் இல்லாதது தயாரிப்புக் கோளாறு அல்ல. கிண்ணத்தைத் திருப்பினால் சுத்தியலுக்கும் அதற்கும் இடைவெளி மாற வேண்டும் என்பதற்காக. சுத்தியல் ஓய்வில் கிண்ணத்தைத் தொடக் கூடாது, தொட்டால் மணிக்குப் பதில் தகரச் சத்தம்தான். டயல் சுற்றும்போது மணி கிணுகிணுத்தால், சுத்தியலை ஒரு பக்கம் இழுத்துப் பிடிக்கும் மெல்லிய ஸ்பிரிங்கை அடுத்த காடிக்கு மாற்றுங்கள், அல்லது இணைப்பின் இரு வயர்களையும் இடம் மாற்றுங்கள்.

பிரிட்டனில் 1981-க்குப் பிறகு புதிய பிளக் முறைக்கு மாற்றப்பட்ட கருவிகளில் மணிக்குத் தனியாக மூன்றாவது வயர் வரும். அதற்கான கெப்பாசிட்டர் சுவர்ப் பெட்டியில் இருந்தது. அதே போனை இரு வயர் இணைப்பில் மாட்டினால் பேசலாம், மணி மட்டும் வராது. பழைய முனைப் பாலங்களை (முனைகளை இணைக்கும் சிறு தகடுகள்) திரும்பப் போட்டு உள்ளிருக்கும் கெப்பாசிட்டரை வழியில் சேர்க்க வேண்டும்.

மணியில் ஊர்க்கதை அதிகமாக ஒளிந்திருப்பது அமெரிக்கச் சிறு நிறுவனங்களின் கருவிகளில். ஒரே கம்பியைப் பல வீடுகள் பகிர்ந்துகொண்ட பார்ட்டி லைனில், யாருக்கு அழைப்போ அவர் வீட்டு மணி மட்டும் அடிக்க, மணிகளை வெவ்வேறு அதிர்வெண்ணுக்கு இசைத்திருந்தார்கள்: 16⅔, 33⅓, 50, 66⅔ ஹெர்ட்ஸ் என்று. இன்றைய இணைப்பு 20 அல்லது 25 ஹெர்ட்ஸ் அனுப்பினால் 66⅔ மணி அசையாது. அது பழுதல்ல. அதை அடிக்க வைப்பதற்காகச் சுத்தியல் எடையை வெட்டுவது, அந்த வீட்டுக்காரர் எந்தக் கம்பியில் எத்தனையாவது பங்காளி என்பதை அழிப்பதாகும். மணியை அப்படியே விட்டு, அடிக்கும் வேலைக்கு வேறு மணி ஒன்றைப் பொருத்துங்கள்.

மேலுடல்

கறுப்பு உடல் பெரும்பாலும் பேக்லைட். லியோ பேக்லண்ட் 1907-ல் கண்டுபிடித்த ஃபீனால்–ஃபார்மால்டிஹைடு பிசின். அதில் மரத்தூள் கலந்து அழுத்தி வார்ப்பார்கள். மேலே மெல்லிய பிசின் தோல், உள்ளே மரத்தூள். இதைப் புரிந்துகொண்டால் எல்லா விதிகளும் தானே வரும். தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது, மரத்தூள் உப்பும். உப்புத்தாள் கூடாது, தோல் போனால் பழுப்புப் பொடி தெரியும், பிறகு எந்த மெழுகுக்கும் பழைய பளபளப்பு வராது. சில பழைய வார்ப்புகளில் கல்நாரும் கலந்திருக்கலாம் என்பதால் உலர்ந்து தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். சோப்புநீர் தொட்டுப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்த்தி, மென்மையான உலோகப் பாலிஷால் சிறிய வட்டங்களாக, கடைசியில் கார்னாபா மெழுகு. துணியில் மஞ்சள் பழுப்பு ஏறினால் பேக்லைட்தான். விரிசலுக்கு உள்பக்கமிருந்து கறுப்புச் சாயம் கலந்த எபாக்சி. உடனடிப் பசை வெளியே வெண்ணிறமாகப் பூக்கும்.

நிறமுள்ள போன்கள் வேறு சாதி. அக்ரிலிக் உடலில் ஆல்கஹால் பட்டால் சிலந்தி வலைபோல் வெடிப்பு ஓடும். 1950-களின் நிறமுள்ள வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 500 உடல்கள் செல்லுலோஸ் வகைப் பிளாஸ்டிக். நாளடைவில் சுருங்கி அடித்தட்டில் உட்காராது, கிட்ட முகர்ந்தால் புளித்த வாடை வரும். சுருங்கியதை நீட்ட வழியில்லை. பிறகு வந்த ஏ.பி.எஸ். உடல் மஞ்சளாகும். ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்தால் வெளுக்கும். பூச்சு ஒரு பக்கம் காய்ந்தால் திட்டுத் திட்டாக வெளுக்கும், சில ஆண்டுகளில் மஞ்சள் திரும்பியும் வரலாம். எங்களைக் கேட்டால் சமமான மஞ்சளை அப்படியே விட்டுவிடலாம். ஜன்னலோரம் நின்ற பக்கம் மட்டும் மஞ்சளாக இருந்தால் கட்டாயம் விட வேண்டும். அது எங்கே நின்றது என்பதன் படம் அது.

பித்தளையும் மரமும் பளபளக்க, டயல் துளைகளுக்குள் பொத்தான்கள் இருக்கும் 'அரண்மனைப் போன்'கள் பற்றி ஒரே வரி: அவை அலங்காரத்துக்காகப் புதிதாகச் செய்தவை.

இணைப்பில் மாட்டுதல்

தாமிரக் கம்பி இணைப்பு இன்னும் இருந்து, இணைப்பகம் துடிப்பை ஏற்றால் நேராக மாட்டலாம். ஃபைபர் பெட்டிகளின் தொலைபேசித் துளைகள் பல தொனியை (பொத்தான் போன்கள் எண்ணுக்கு எழுப்பும் ஒலி) மட்டுமே புரிந்துகொள்ளும்: அழைப்பு வரும், பேசலாம், சுற்றினால் டயல் டோன் அப்படியே இரைந்துகொண்டிருக்கும். இதற்குத் துடிப்பைத் தொனியாக மாற்றும் சிறு பலகையைப் போனுக்குள் வைக்கலாம், அல்லது பல்ஸ் டயலை ஏற்கும் இணைய அடாப்டர் வாங்கலாம். வாங்கும் முன் அதன் விவரக்குறிப்பில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய மணிக்கு அடாப்டர் கொடுக்கும் மின்னழுத்தம் போதாமல் முனகலாம். ஒரு துளையில் ஒரு போன் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாகும். டயல் டோன் மறையவே இல்லையென்றால் துடிப்புத் தொடர்பு திறக்கவில்லை, அல்லது டயல் வயர் இரண்டு இடம் மாறியிருக்கிறது. ஒன்று கூட்டியோ குறைத்தோ தப்பு எண் போனால், திரும்பவும் அந்த 0.9 விநாடிக் கணக்கு.

மாற்றிய பாகங்கள் எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு, என்ன மாற்றினீர்கள், எந்தத் தேதியில், போன் யாரிடமிருந்து எந்த ஊரிலிருந்து வந்தது, டைரக்டரியில் எந்த ஆண்டுப் பக்கத்தில் எண் கிடைத்தது என்று பென்சிலால் எழுதி அதற்குள் வையுங்கள். போனின்மேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். அடித்தட்டின் உள்பக்கம் பழைய பழுதுபார்ப்பவர் சுண்ணக்கட்டியிலோ பென்சிலிலோ ஏதாவது கிறுக்கியிருந்தால் அதைச் சுற்றித் துடையுங்கள், அதன்மேல் வேண்டாம். எண் அட்டையின் மங்கிய மூடி உடைந்திருந்தால் மெல்லிய பாலியெஸ்டர் தாளிலிருந்து புதியதை வட்டமாக வெட்டலாம். பிறகு 247-ஐ எடுத்த திசையிலேயே வைத்து, மூடியை வைத்து, வளையத்தை அழுத்த வேண்டியதுதான். டிக் என்று உட்காரும்.